கம்பியைக் கழற்றிய பிறகும் பல் ஏன் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கிறது?

கிருஷ்ணகிரியில் தங்கள் மகளுக்குப் பல் கம்பியைக் கழற்றிய மருத்துவர், பல் நகராமல் பிடித்துவைக்கும் ரிடெய்னரை ஓராண்டுக்கு மேல் அணியச் சொன்னது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல் எலும்போடு ஒட்டியிருப்பதில்லை; ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள நார்த்திசு ஒன்று இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. கம்பி தள்ளும் பக்கத்தில் அந்த நார் அழுந்தி, எலும்பைக் கரைக்கும் செல்கள் அங்கே திரள்கின்றன. எதிர்ப்பக்கத்தில் நார் இழுபட்டு, புதிய எலும்பு படிகிறது. கம்பியை எடுத்தபின் இந்த நார் மூன்று, நான்கு மாதங்களில் சீரமைந்துவிடும்.

ஈறு அப்படியல்ல. பல்லின் கழுத்தைச் சுற்றி, எலும்பு விளிம்புக்கு மேலே உள்ள மீள்நார்கள் முறுக்கிய ரப்பரைப் போல இழுவிசையைத் தாங்கி நின்று, ஓராண்டு ஆனபின்னும் பல்லைப் பழைய கோணத்துக்கு இழுக்கக்கூடும். அச்சில் திரும்பியிருந்த முன்பல் மற்றவற்றைவிட எளிதில் மீண்டும் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். பிடுங்கிய பல்லின் இடைவெளி மூடப்பட்ட இடத்தில் ஈறு சிறு மடிப்பாகச் சுருண்டிருப்பதையும் கண்ணாடியில் காணலாம். அங்கே உணவுத் துகள் தங்குமென்பதால் தூரிகையைச் சாய்த்து மெதுவாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடால் வரும் பழுப்புக் கறை, பல்லின் மேலுறையான எனாமலைச் சேர்ந்தது. பல் திரும்புவதற்கு அதைக் காரணமாக எண்ண வேண்டாம்.