கேள்வி நேரம்: கடைசி இடத்தில் நுழைந்து கோப்பையைத் தூக்கும் கோத்தம்

போன இதழில், அமெரிக்காவில் நான் இருக்கும் நியூ ஜெர்சி மாநிலத்தின் பெண்கள் கால்பந்து அணியான கோத்தம் எஃப்.சி. 2025 நவம்பரில் சாம்பியன் ஆனதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். சமையல் குறிப்புக்குக்கூட இவ்வளவு கேள்வி வந்ததில்லை. சிலவற்றுக்கு இங்கே பதில்.

"எட்டாவதாக வந்த அணி சாம்பியன்" என்று எழுதியிருந்தீர்கள். அச்சுப்பிழைதானே?
(திண்டுக்கல் வாசகர்)

அச்சுப்பிழை இல்லை. இங்கிலாந்து லீக்கில் புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்பவருக்கே கோப்பை. அமெரிக்காவில் அப்படிக் கிடையாது. முதலிடம் பிடித்தவர்களுக்கு ஒரு ஷீல்டைக் கொடுத்துவிட்டு, முதல் 8 அணிகளை வைத்து பிளே ஆஃப் நடத்துவார்கள். அதில் ஜெயிப்பவர்தான் சாம்பியன். ஐ.பி.எல். பார்ப்பவர்களுக்கு இது புதிதில்லை.

கோத்தம் எட்டாவதாக உள்ளே வந்தது. காலிறுதியில் ஷீல்டு வென்ற கான்சாஸ் சிட்டியை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் 2-1 என்று சாய்த்தது. அரையிறுதியில் முந்தைய ஆண்டு சாம்பியன் ஆர்லாண்டோவை 1-0. சான் ஹோசேயில் நடந்த இறுதியில் வாஷிங்டனை 1-0.

இன்னொன்றும் சொல்கிறேன், இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 2023-ல் பிளே ஆஃபுக்கு 6 அணிகள். கோத்தம் ஆறாவதாக வந்து கோப்பை வென்றது. 2009-ல் 4 அணிகள். நாலாவதாக வந்து கோப்பை வென்றது. மூன்று லீக் பட்டம், மூன்றும் கடைசி சீட்டில் உட்கார்ந்து வந்தவைதான்.

2009-ல் கர்ப்பிணிப் பெண் ஒருவர் கோச்சாகவும் இருந்து ஆடவும் செய்தார் என்று என் மகள் சொல்கிறாள். நம்பலாமா?
(தஞ்சாவூர் வாசகி)

தாராளமாக நம்பலாம். அப்போது கிளப்பின் பெயர் ஸ்கை புளூ எஃப்.சி. டபிள்யூ.பி.எஸ். என்ற புதிய தொழில்முறை லீக்கின் முதல் சீசன் அது. ஆரம்பித்த சில வாரங்களிலேயே கோச் இயன் சாயர்ஸ் வெளியே போனார். அவருக்குப் பதிலாக வந்த கெல்லி லிண்ட்சியும் ஜூலை கடைசியில் ராஜினாமா செய்துவிட்டார். சீசன் முடிய சில வாரம்தான் பாக்கி, அணிக்குத் தலை இல்லை. கேப்டன் கிறிஸ்டி ராம்போனையே கோச்சாக்கிவிட்டார்கள். அமெரிக்க தேசிய அணிக்கும் அவர்தான் கேப்டன். டிஃபென்டர். இந்த நியூ ஜெர்சி மண்ணின் பெண். வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஒரே வாரத்துக்குள் மூன்று நாக் அவுட் ஆட்டம், மூன்றும் வெளியூரில்: மேரிலாந்து, செயின்ட் லூயிஸ், கடைசியாக லாஸ் ஏஞ்சலஸ். அங்கே எதிரே நின்றது லீக்கின் முதலிடத்து அணி, அதில் பிரேசில் நட்சத்திரம் மார்த்தா. ஹெதர் ஓ'ரெய்லி போட்ட ஒரே கோலில் ஸ்கை புளூ ஜெயித்தது. ராம்போன் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டு ஆடினார் என்பது அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

மசக்கையோடு மார்த்தாவைத் தடுத்து, மற்றவர்களுக்கு யார் எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்த அந்த மனுஷிக்கு இந்த ஊரில் ஏன் இன்னும் சிலை வைக்கவில்லை என்று யாராவது கேட்டால், என்னிடம் பதில் இல்லை.

இவ்வளவு பெருமை பேசுகிறீர்கள். வீராங்கனைகளுக்குக் குளிக்க இடம்கூடக் கொடுக்காத கிளப் இதுதானே?
(சேலம் வாசகி)

இதேதான். மறைக்க எதுவும் இல்லை.

அந்த டபிள்யூ.பி.எஸ். லீக் 2012-ல் இழுத்து மூடப்பட்டது. 2013-ல் என்.டபிள்யூ.எஸ்.எல். என்ற இப்போதைய லீக் ஆரம்பித்தபோது ஸ்கை புளூவும் சேர்ந்தது. ஆட்டங்கள் நடந்தது பிஸ்காட்டவேயில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் யர்சாக் மைதானத்தில். நான் இருக்கும் எடிசனிலிருந்து காரில் கொஞ்ச தூரம். டிக்கெட் எளிதாகக் கிடைக்கும். இவ்வளவு கிட்டத்தில் உலகக் கோப்பை ஆடியவர்களைப் பார்க்கலாம் என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 2017-ல் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் இங்கே ஆடினார். சியாட்டில் அணிக்கு எதிராக 0-3 என்று பின்தங்கியிருந்தபோது அவர் ஒருத்தியே நாலு கோல் போட்டு 5-4 என்று ஜெயிக்கவைத்தார். அந்த சீசனில் மொத்தம் 17 கோல். அடுத்த ஆண்டே சிகாகோவுக்குப் போய்விட்டார்.

ஏன் போகமாட்டார் என்பது 2018-ல் பத்திரிகைகளில் வந்தது. பயிற்சி மைதானத்தில் ஷவர் இல்லை. ஆட்டம் நடக்கும் இடத்திலும் இல்லை. வீராங்கனைகளைத் தங்கவைத்த ஒரு வீட்டில் ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் பிளாஸ்டிக்கும் அட்டையும் வைத்து அடைத்திருந்தார்களாம். கைக்காசு போட்டுச் செலவழித்ததைத் திரும்ப வாங்குவதற்கும் அலைச்சல். உரிமையாளர்களில் ஒருவர் ஃபில் மர்ஃபி, அப்போது மாநில ஆளுநர் (இங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சர் மாதிரி, தேர்தலில் ஜெயித்து வருபவர்). அவமானம் கொஞ்சநஞ்சமில்லை. அந்த சீசனில் 24 ஆட்டத்தில் ஒரே ஒரு வெற்றி. 2019 டிராஃப்டில் (கல்லூரி வீராங்கனைகளை கிளப்புகள் முறைபோட்டுத் தேர்ந்தெடுப்பது) எடுத்த முதல் இரண்டு பெண்களும் "வேண்டாம் சாமி" என்று ஸ்வீடனுக்கு ஆடப் போய்விட்டார்கள். என்னைக் கேட்டால் கிளப்புக்கு உறைத்தது தோல்விகளைவிட இதுதான்.

அப்புறம்தான் மாற்றம். பொது மேலாளர் மாறினார், ஹாரிசனில் இருக்கும் பெரிய ஸ்டேடியத்துக்கு ஆட்டங்கள் போயின, 2021-ல் கோத்தம் என்று பெயரும் மாறியது. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022-ல் 12 அணிகளில் பன்னிரண்டாவது இடம்.

சம்பளம் எவ்வளவு?
(கோயம்புத்தூர் வாசகர்)

லீக்கின் குறைந்தபட்ச சம்பளத்தைச் சொல்கிறேன், எல்லா கிளப்புக்கும் பொது. 2013-ல் சீசனுக்கு 6,000 டாலர். 2018-ல் 15,750. 2025-ல் 48,500. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைக்காதீர்கள். 6,000 டாலரில் இந்த ஊரில் ஒரு சீசன் முழுக்க வாடகை கொடுக்க முடியாது. அதனால்தான் பல பெண்கள் ரசிகர் குடும்பங்களின் வீட்டு உபரி அறையில் தங்கி ஆடினார்கள்.

கோல்கீப்பரை வெளியே அனுப்பிவிட்டால் யார் நிற்பார்கள்?
(நாகர்கோவில் வாசகர், ஒன்பதாம் வகுப்பு)

தம்பி, நல்ல கேள்வி. மாற்று ஆள் பாக்கி இருந்தால், களத்தில் ஒருவரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு கோல்கீப்பரை இறக்கலாம். எல்லா மாற்றும் தீர்ந்துவிட்டால் ஆடிக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் கையுறை மாட்டியாக வேண்டும். கோல்கீப்பர் இல்லாமல் ஆட விதி அனுமதிக்காது.

இது கோத்தத்துக்கே நடந்தது, அதுவும் 2023 இறுதி ஆட்டத்தில். சான் டியாகோ மைதானம், எதிரணி ஓ.எல். ரெய்ன். ரெய்னின் நட்சத்திரம் மேகன் ரப்பினோவுக்கு அதுதான் கடைசி ஆட்டம்; பாவம், ஆரம்ப நிமிடங்களிலேயே காயம்பட்டு வெளியே போய்விட்டார். கோத்தம் கேப்டன் ஆலி கிரீகருக்கும் அதுதான் கடைசி. லின் வில்லியம்ஸ் கோல் போட, ரெய்னின் ரோஸ் லவெல் சமன் செய்ய, இடைவேளைக்குச் சற்று முன் எஸ்தர் கொன்சாலெஸ் தலையால் முட்டி 2-1 ஆக்கினார். இஞ்சுரி டைமில் கோத்தம் கோல்கீப்பர் மேண்டி ஹாட் பாக்ஸுக்கு (கோல்கீப்பர் பந்தைக் கையால் தொடக்கூடிய எல்லை) வெளியே வந்து பந்தைக் கையால் தடுத்தார். வீடியோ பார்த்துவிட்டு நடுவர் சிவப்பு அட்டை காட்டினார். மாற்று ஆள் தீர்ந்துபோச்சு. நடுக்களத்தில் ஆடும் நீலி மார்ட்டின், கோல்கீப்பர் ஜெர்சியை மேலே மாட்டிக்கொண்டு போய் நின்றார். ஃப்ரீ கிக் அடிக்க வந்தது லவெல். எங்கள் வீட்டு சோஃபாவில் யாரும் மூச்சே விடவில்லை. பந்து தடுப்புச் சுவரில் பட்டது, கோப்பை கோத்தத்துக்கு.

அடுத்த சீசனில் அதே லவெலை கோத்தம் தன் பக்கம் இழுத்துவிட்டது! 2025 இறுதியில் வெற்றி கோல் போட்டதும் அவர்தான்.

கோத்தம் என்கிறீர்களே, அது பேட்மேனின் ஊராச்சே, மேட்ச் பார்க்க அவர் வருவாரா?
(மதுரை வாசகர்)

வந்தால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மன்ஹாட்டனிலிருந்து பாத் ரயில் பிடித்தால் ஹாரிசன் ஸ்டேஷனில் இறங்கி ஸ்டேடியத்துக்கு நடந்தே போய்விடலாம். மேட்ச் அன்றைக்கு பார்க்கிங் கட்டணம் பேட்மேனாக வேஷம் போடும் பணக்கார புரூஸ் வெய்னுக்கே கட்டுபடியாகாது.