சத்து மாத்திரையில் சத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 41. பால் குடித்தால் வயிறு உப்பி, வயிற்றுப்போக்கும் ஆகிறது. கோதுமையும் ஒத்துக்கொள்ளாததால் ஒரு வருடமாகச் சப்பாத்தியைத் தொடுவதில்லை. இறால் சாப்பிட்டால் உதடு வீங்கும். ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி, இரும்புச்சத்து இரண்டும் குறைவு. டாக்டர் கால்சியமும் சேர்த்து எழுதிக்கொடுத்திருக்கிறார். ஆனால் கடையில் நானாக வாங்கிப் போட்ட ஒரு மல்டிவிட்டமினால் உடம்பெல்லாம் தடித்துப்போனதிலிருந்து எதை விழுங்கவும் பயமாக இருக்கிறது. எனக்கு ஏற்றதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் நீங்கள் சொல்லும் மூன்றும் ஒரே வகைப் பிரச்சினை இல்லை.

உதடு வீங்குவது நிஜமான ஒவ்வாமை. அதில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. பாலால் வயிறு மட்டும் உப்பினால், பெரும்பாலும் அது லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காத தொல்லை. மாத்திரைகளில் நிரப்புப் பொருளாக லாக்டோஸ் சேர்ப்பது சகஜம், ஆனால் வழக்கமாக ஒரு மாத்திரையில் அரை கிராம்கூட இருக்காது. ஒரு தம்ளர் பாலில் உள்ள சுமார் 12 கிராம் லாக்டோஸையே இந்தத் தொல்லை உள்ள பலர் தாங்கிக்கொள்கிறார்கள். அதனால் அதற்காக நல்ல மாத்திரையை ஒதுக்க வேண்டாம். பாலால் தோலில் தடிப்போ மூச்சிரைப்போ வந்திருந்தால் கதை வேறு. அது பால் புரதத்துக்கான ஒவ்வாமையாக இருக்கலாம். அப்போது துளி அளவும் கணக்கு.

கோதுமை விஷயத்தில்தான் எனக்குக் கவலை. இரும்பும் வைட்டமின் டியும் சேர்ந்து குறைந்திருப்பதோடு கோதுமையும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் சேதமடையும் சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். வட இந்தியாவை விட இங்கே குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. குடல் உறிஞ்சாவிட்டால் எந்த மாத்திரை போட்டும் பலன் சரியாகக் கிடைக்காது. கோதுமையை நிறுத்தியிருக்கும்போது இதற்கான ரத்தப் பரிசோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டக்கூடும். அதனால் குடல்நோய் மருத்துவரிடம் ஒரு வருடமாகச் சாப்பிடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நூறு, இருநூறு உணவுகளுக்கு ‘சென்சிட்டிவிட்டி’ பார்க்கும் ஐஜிஜி (ரத்தத்தில் உள்ள ஒரு வகை எதிர்ப்புப் புரதம்) பரிசோதனைகளுக்குப் பணம் கொடுக்காதீர்கள். அவை நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும், ஒவ்வாமையை அல்ல.

சரி, கடைக்குப் போவோம். ஒரே வைட்டமின் நம் ஊரில் இரண்டு விதமாக விற்கப்படுகிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 14 இலக்க உரிம எண்ணோடு ‘ஹெல்த் சப்ளிமென்ட்’ என்று வருவது உணவுச் சட்டத்தின் கீழ் வருவது. அதில் சேர்மானங்களை வரிசையாக அச்சிட வேண்டும். பால், குளூட்டன் உள்ள தானியம், இறால் நண்டு வகை, மீன், முட்டை, கொட்டைகள், சோயா போன்றவை இருந்தால் தனியாகக் குறிப்பிடவும் வேண்டும். மருந்து உரிமத்தோடு வரும் மாத்திரையிலோ மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். மற்றவையெல்லாம் பெரும்பாலும் ‘எக்ஸிபியன்ட்ஸ்’ (துணைப் பொருள்கள்) என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். டாக்டர் எழுதிக்கொடுத்தது இந்த வகை என்றால், அட்டையில் உள்ள வாடிக்கையாளர் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ பேட்ச் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: கோதுமை மாவுச்சத்து இருக்கிறதா, என்ன நிறமி சேர்த்திருக்கிறார்கள், கால்சியம் எதிலிருந்து எடுக்கப்பட்டது? பதில் எழுத்தில் வரட்டும். மழுப்பினால் வேறு கம்பெனி மாத்திரையைக் கேளுங்கள்.

பச்சைப் புள்ளியை நம்பி ஏமாந்துவிடாதீர்கள். அது சைவம் என்று மட்டுமே சொல்கிறது. பால் பொருள் இருந்தாலும் பச்சைதான்.

உங்களுக்குக் கால்சியத்தில்தான் கூடுதல் கவனம் தேவை. சில மாத்திரைகள் சிப்பி ஓட்டிலிருந்து செய்யப்படுகின்றன. இறாலும் சிப்பியும் வேறு வேறு இனம், ஓட்டில் புரதமும் குறைவு. ஆனாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து எடுத்த கார்பனேட்டோ சிட்ரேட்டோ எளிதாகக் கிடைக்கும்போது எதற்கு வம்பு? மூட்டுவலிக்கு யாராவது குளுக்கோசமைன் சொன்னால் அது எதிலிருந்து எடுத்தது என்று விசாரித்துவிட்டே வாங்குங்கள். அது பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது. இறால் போன்ற சின்னக் கடல் உயிரியிலிருந்து எடுக்கும் கிரில் எண்ணெய் வேண்டவே வேண்டாம்.

மல்டிவிட்டமினை விட்டுவிடுங்கள். இருபது முப்பது பொருள்கள் ஒரே உருண்டையில் இருந்தால் குற்றவாளி எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. டார்ட்ரசீன், சன்செட் யெல்லோ போன்ற நிறமிகள் சிலருக்குத் தடிப்பை உண்டாக்கும், ஆனால் உங்களுக்கும் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த அட்டையைத் தூக்கிப் போடாமல் ஒவ்வாமை நிபுணரிடம் காட்டுங்கள்.

அவர் சம்மதித்த பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்குங்கள். முதலில் வைட்டமின் டி மட்டும். இரண்டு வாரம் தொந்தரவு இல்லையென்றால் இரும்பு, அப்புறம் கால்சியம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடாதீர்கள், குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பதும் இறுகுவதும் ஒவ்வாமை அல்ல, அதற்காக நிறுத்த வேண்டாம். எந்தப் புது மாத்திரையின் முதல் வேளையையும் பகலில், வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும்போது போடுங்கள். உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு இறுக்கினால், தலை சுற்றி மயக்கம் வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.