64 எப்படி 16384 ஆனது?

கேள்வி: பிசிஐ நெட்வொர்க் கார்டு ஒன்றுக்கு நான் எழுதிய லினக்ஸ் டிரைவர் இன்டெல் கணினியில் ஒழுங்காக ஓடுகிறது. அதையே பிக் எண்டியன் (உயர் பைட்டை முதலில் வைக்கும்) முறையில் இயங்கும் பவர்பிசி போர்டில் ஏற்றினால், 64 பைட் பாக்கெட்டின் நீளம் 16384 என்று வருகிறது. அந்தப் போர்டுக்கு மட்டும் பைட் வரிசையைப் புரட்டும் வரிகளை இஃப்டெஃப் (நிபந்தனைக்கு உட்பட்டு வரிகளைச் சேர்க்கும் கட்டளை) போட்டு எல்லா இடத்திலும் சேர்த்தேன். நீளம் சரியாகிவிட்டது, ஆனால் கார்டு இப்போது பாக்கெட்டே வாங்குவதில்லை. தவறு எங்கே? (ஒரு வாசகர்)

பதில்: நீளத்தைப் புரட்டியது சரிதான். "எல்லா இடத்திலும்" என்றீர்களே, வினை அங்கேதான் இருக்கிறது.

64 என்பது பதினாறு நிலை எண்முறையில் 0040. கார்டு அதை நினைவகத்தில் எழுதும்போது 40-ஐ முதலிலும் 00-ஐ அடுத்தும் வைக்கிறது. இன்டெல் செயலியும் அதே வரிசையில் படிப்பதால் உங்கள் பிழை அங்கே வெளியே தெரியவில்லை. பவர்பிசி போர்டோ முதலில் கிடப்பதையே உயர் பைட்டாகக் கொண்டு 4000 என்று, அதாவது 16384 என்று படிக்கிறது. ஆகவே டிஸ்கிரிப்டரின் (பாக்கெட் விவரங்களைக் கார்டும் டிரைவரும் பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பதிவின்) ஒவ்வொரு புலத்தையும் எல்இ16_டு_சிபியு, எல்இ32_டு_சிபியு ஆகிய கர்னல் மாற்றிகளின் வழியாகவே படியுங்கள். லிட்டில் எண்டியன் (தாழ் பைட்டை முதலில் வைக்கும்) செயலியில் இவை மதிப்பைத் தொடுவதே இல்லை என்பதால் இஃப்டெஃப் வரிகளுக்கு வேலையில்லை, அவற்றை எடுத்துவிடலாம்.

கார்டு முடங்கிய கதை வேறு. பிசிஐ பதிவகங்கள் லிட்டில் எண்டியன் என்பதை அறிந்தே, அவற்றில் மதிப்பை எழுதும் ரைட்எல் என்ற கர்னல் செயற்கூறு எழுதப்பட்டிருக்கிறது. தேவையான மாற்றத்தை அதுவே செய்துவிடும். ஏற்கெனவே புரட்டிய மதிப்பை அதனிடம் கொடுத்தால் அது மறுபடி புரளும். டிஸ்கிரிப்டர் வளையத்தின் முகவரி 12345000 என்றால் கார்டுக்குப் போய்ச் சேருவது 00503412. அங்கே டிஸ்கிரிப்டர் எதுவும் இல்லாதபோது பாக்கெட் எப்படி வரும்?

இத்தகைய பிழைகளைக் கண்ணால் தேடி மாளாது. கார்டும் செயலியும் பகிரும் புலங்களை யு16, யு32 என்று அறிவிக்காமல் __எல்இ16, __எல்இ32 வகைகளாக அறிவித்து, மேக் கட்டளையில் சி=2 சேர்த்து ஸ்பார்ஸ் என்ற மூல நிரல் சோதனைக் கருவியை ஓட்டுங்கள். 2003இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அந்தக் கருவி, __எல்இ32 வகை மதிப்பை அப்படியே ரைட்எல்லிடம் கொடுக்கும் வரிகளைச் சுட்டிக்காட்டும். எச்சரிக்கையின் வாயை அடைக்க, வகைச் சோதனையைத் தவிர்க்கச் செய்யும் __ஃபோர்ஸ் குறியைச் சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, உங்களுக்கு வேண்டாம்.

ஸ்பார்ஸின் இந்த வகைச் சோதனைக்குச் சிக்காத ஒன்றையும் பார்த்துவிடுங்கள். 32 பிட் மாறியின் முகவரியை அன்சைன்டு லாங் (64 பிட் இயந்திரத்தில் எட்டு பைட்) சுட்டியாக்கி, ஒரு பிட்டை 1 ஆக்கும் செட்_பிட்டிடம் கொடுத்திருந்தால், 64 பிட் பிக் எண்டியன் இயந்திரத்தில் 0ஆவது பிட் எட்டாவது பைட்டில் விழும். உங்கள் மாறி நான்காவது பைட்டோடு முடிந்துவிடுவதால் கெடுவது அடுத்த மாறி. அப்படி இருந்தால் மாறியையே அன்சைன்டு லாங்காக அறிவித்துவிடுங்கள்.