ஸ்காட்லாந்துத் திருமணத்துக்கு கில்ட் (அங்கே ஆண்கள் அணியும் கட்டம் போட்ட மடிப்புப் பாவாடை) அணிந்தால் காலுறையில் கத்தி செருகியே ஆக வேண்டுமா? சட்டச் சிக்கல் வராதா?

மாப்பிள்ளைத் தோழனாகப் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். கட்டாயம் ஒன்றும் இல்லை. ஆனால் செருகிக்கொள்ளுங்கள்.

எடின்பரோவில் எனக்கு ஒன்பது வருடம். கூட வேலை பார்க்கும் நண்பன் கல்யாணத்துக்கு நான் வாடகைக்கு எடுத்த உடுப்போடு வெறும் பிளாஸ்டிக் கைப்பிடிதான் வந்தது, அலகே கிடையாது. வாசலில் அதைப் பார்த்த மாப்பிள்ளையின் தாத்தா, குனிந்து தன் காலுறையிலிருந்த ஸ்கீன் டூ என்ற சின்னக் கத்தியை உருவி என் கையில் வைத்தார். கறுத்த மரப்பிடி. அதில் செதுக்கிய பின்னல் கோலம், பெருவிரல் படும் இடத்தில் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. உச்சியில் தேன் நிறத்தில் கேர்ன்கார்ம் கல். அவருடைய அப்பா வைத்திருந்ததாம். "இன்று உன்னிடம் இருக்கட்டும்" என்றார்.

அதைச் செருகிக்கொண்டு நான் எடுத்த படத்தைப் பார்த்து நம் ஊர்க்காரர் ஒருவர் "ஆப்பிள் நறுக்கவா?" என்று கேட்டார். எனக்கு இன்னும் ஆறவில்லை. 1746இல் கலோடன் போரில் அரசுப் படையிடம் தோற்றபின், ஹைலேண்ட் என்ற ஸ்காட்லாந்து மலைப்பகுதி மக்களின் ஆயுதத்தையும் உடையையும் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். உடைத் தடை நீங்க 1782 ஆயிற்று. இடுப்பில் தொங்கும் நீளமான டர்க் என்ற குத்துவாள் மீது சத்தியம் செய்து வாழ்ந்தவர்கள் அவர்கள். ஸ்கீன் டூ என்றால் கேலிக் மொழியில் கறுப்புக் கத்தி. 'டூ' என்பதற்கு மறைவானது என்றும் பொருள் சொல்வார்கள். கத்திக் கலாச்சாரத்தைப் புகழ்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒருவர் வீட்டுச் சொத்தைக் கேலி செய்யாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

சட்டம்: நான் வக்கீல் அல்ல. பொது இடத்தில் கத்தி வைத்திருப்பதைத் தடுக்கும் 1995ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துச் சட்டத்தில், தேசிய உடையின் பகுதியாக அணிவதற்கு விலக்கு உண்டு. சீக்கியர்கள் அணியும் கிர்பான் என்ற குறுவாளுக்கு உதவும் மத விலக்கும் அதே பிரிவில்தான். கில்ட்டைக் கழற்றிவிட்டு ஜீன்ஸ் பையில் போட்டுத் திரிந்தால் அந்த விலக்கு துணைக்கு வராது. விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள்.

வாடகைக் கடை பற்றியும் ஒன்று. எடுக்கும்போதே உடுப்பைப் படம் பிடித்து வையுங்கள். கில்ட்டில் முன்பே இருந்த கறைக்கு என் முன்பணத்தில் முப்பது பவுண்டு பிடித்துக்கொண்டார்கள். மூன்று மின்னஞ்சல் போட்டும் பதில் இல்லை.

அப்புறம், வலது கைக்காரர் என்றால் வலது காலின் வெளிப்பக்கம் செருகுங்கள். பிடியின் மேல்பகுதி மட்டும் தெரிந்தால் போதும்.