பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களின் கருமுட்டையை ஆய்வகத்தில் முதிர வைப்பது என்றால் என்ன?

டாக்டர்கள் ஐவிஎம் என்று சொல்வது இதைத்தான். கருமுட்டையைப் பிஞ்சாக இருக்கும்போதே சினைப்பையிலிருந்து ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆய்வகத்தில் ஓரிரு நாள் வளர்ப்புத் திரவத்தில் வைத்து முதிர விடுவார்கள். பிறகு விந்தணு சேர்த்துக் கருவாக்குவார்கள்.

திருவையாறு பக்கம் வாழைத்தாரைக் காயாகவே வெட்டி மூட்டம் போடுவார்களே, அதுபோல. காய் ஓரளவாவது விளைந்திருந்தால்தான் பழுக்கும். முட்டையிலும் எடுத்த அத்தனையும் முதிர்ந்துவிடாது.

சரி, மரத்திலேயே பழுக்க விட்டால் என்ன? வழக்கமான ஐவிஎஃப்பில், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை முறையில், முட்டை சினைப்பையிலேயே முதிர பத்து நாள் போல தினமும் ஹார்மோன் ஊசி போடுவார்கள். பிசிஓஎஸ் இருந்தால் சினைப்பையில் சில மில்லிமீட்டர் அளவுக் குட்டிப் பைகள் ஏராளமாக இருக்கும். ஊசிக்கு அவை ஒட்டுமொத்தமாக வீங்கினால் வயிற்றில் நீர் கோத்து மூச்சுத் திணறும், சிலருக்கு ரத்தம்கூட உறையும். ஐவிஎம்மில் ஊசி மிகக் குறைவு, சிலருக்குத் தேவையே இல்லை. அதனால் அந்த ஆபத்து அநேகமாக இல்லை.

தென்கொரியாவில் இம்முறையில் குழந்தை பிறந்த செய்தி 1991-லேயே வெளியானது. ஆனாலும் பரவலாகவில்லை: கைதேர்ந்த ஆய்வகம் வேண்டும், ஒரு முயற்சியில் கரு தங்கும் வாய்ப்பும் ஐவிஎஃப்பைவிடச் சற்றுக் குறைவு. என்னைக் கேட்டால், முட்டை வெளிவரத் தூண்டும் லெட்ரோசோல் மாத்திரையிலேயே பலருக்குக் கரு தங்கிவிடுகிறது. எடுத்த எடுப்பில் இதற்கு ஓட வேண்டாம்.

அப்புறம், இப்படி எடுத்தால் முட்டை இருப்பு தீர்ந்து மாதவிடாய் சீக்கிரம் நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். எடுப்பதெல்லாம் எப்படியும் தானாக வாடிப்போகவிருந்த முட்டைகளே.