மா. கிருஷ்ணன்: கோட்டோவியத்திலிருந்து காட்டுப் படங்களுக்கு – கேள்வி பதில்

மா. கிருஷ்ணன் முதலில் ஓவியரா, புகைப்படக்காரரா? கேமரா பக்கம் எப்படி வந்தார்?

ஓவியம்தான் முந்தியது. காட்டுயிர்களைப் படமெடுத்தும் அவற்றைப் பற்றி எழுதியும் பெயர்பெற்ற இவர் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். தந்தை ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையா. வளர்ந்தது மயிலாப்பூரில், அன்று அங்கே புதர்க்காடு இருந்தது, நரி திரிந்தது. மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது பேராசிரியர் பைசனோடு நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போனார். பைசனின் மனைவியிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார்.

அவர் வாழ்க்கையில் இதைத்தான் நான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். செடியை வரைகிறவர் இலை விளிம்பில் பல் இருக்கிறதா, காம்பு தண்டில் எங்கே ஒட்டுகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். அழகாக வந்தால் மட்டும் போதாது, சரியாகவும் இருக்கவேண்டும். அவருடைய விலங்குப் படங்களிலும் இந்தக் கண்டிப்பு தெரியும். மான் எப்படி நிற்கிறது, காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, சுற்றிலும் என்ன மரம் – எல்லாவற்றையும் அந்த ஒரு படத்திலேயே படிக்கலாம்.

1942இல் பெல்லாரி பக்கமிருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார்: ஆசிரியர், நீதிபதி, அரசரின் அரசியல் செயலர் எனப் பல பொறுப்புகள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். 1950இல் ஸ்டேட்ஸ்மன் என்ற ஆங்கில நாளிதழில் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும்வரை விடாமல் எழுதினார். அதற்கான கோட்டோவியங்களையும் தாமே வரைந்தார்.

சார், அவர் ஏன் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்தார்? கலர் ஃபிலிம் அப்போதே வந்துவிட்டதே?

வந்துவிட்டது, ஆனால் காட்டுக்குள் அதை வைத்துக்கொண்டு திண்டாடவேண்டும். 1960களில் கோடாக்ரோம் II என்ற கலர் ஃபிலிமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், 25. டிரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமின் வேகம் 400, அதாவது பதினாறு மடங்கு. மர நிழலில் நிற்கும் யானையைக் கலரில் 1/15 நொடியில் எடுக்கவேண்டியிருந்தால், கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ 1/250 நொடி கிடைக்கும். யானை காதை அசைத்தாலே 1/15இல் படம் கலங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்வேன். ‘இந்திய மை’ எனப்படும் கறுப்பு மையில் கோடு போட்டுப் பழகிய கை அது. உருவம், நிழல், தோலின் சுருக்கம் இவைதான் அவருடைய மொழி. யானையின் நெற்றி மேட்டையும் முதுகு வளைவையும் காட்ட நிறம் தேவையில்லை.

என்ன கேமரா வைத்திருந்தார்?

ஒன்றின் உடல், இன்னொன்றின் லென்ஸ் என்று அவரே சேர்த்துக் கட்டிய கனமான கருவி. ‘சூப்பர் பாண்டரோசா’ என்று அதற்குப் பெயரும் வைத்திருந்தார்! நடந்தும், வளர்ப்பு யானை மேல் அமர்ந்தும் காட்டுக்குள் போவார்.

அண்ணா, நான் பென்சில் ஓவியம் வரைவேன். கேமரா வாங்க ஆசை. 600 எம்எம் லென்ஸ் இல்லாமல் பறவை எடுக்க முடியாதாமே?

முடியும் தம்பி. பழைய 70-300 எம்எம் லென்ஸ் ஒன்று போதும். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கரிச்சானைத் தேர்ந்தெடுத்து, சில நாள் காலையில் உட்கார்ந்து வரை. அது பூச்சியைப் பிடித்துவிட்டு மறுபடி அதே கம்பிக்கோ அதே கிளைக்கோ வரும். மீன்கொத்தியும் அப்படித்தான். இது தெரிந்தால் பறவையைத் துரத்தவேண்டாம். வெயில் உன் முதுகுப் பக்கம் விழும்படி முன்கூட்டியே அமர்ந்து, அந்தக் கிளையை ஃபோகஸ் செய்து காத்திரு. பறவை தானாக உன்னிடம் வரும். லென்ஸின் குறையைப் பாதிக்குமேல் இந்தப் பழக்கம் ஈடுகட்டும்.

கரிச்சான் கறுப்பு. கேமரா தானாக ஒளியை அளந்தால் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியை, கொஞ்சம் குறைத்துக்கொள். வானம் பின்னணியாக இருந்தால் நேர்மாறு, கூட்டவேண்டும்.

வீட்டு மரத்தில் புல்புல் கூடு கட்டியிருக்கிறது. இலைகளை ஒதுக்கிவிட்டுக் குஞ்சுகளை எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். அந்த இலைதான் வெயிலையும் காகத்தின் கண்ணையும் மறைக்கிறது. நீங்கள் அடிக்கடி போய் நின்றாலே தாய் இரை கொண்டுவரத் தயங்கும். ஜன்னலுக்குள்ளிருந்து தெரிந்தால் எடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் இதே வகைத் தொல்லைதான்.

கூட்டைப் படமெடுக்க ஆசையிருந்தால் வேடந்தாங்கலுக்குப் போங்கள். நவம்பரிலிருந்து மார்ச்வரை நல்ல காலம். கரையில் நின்றே நத்தைகுத்தி நாரையும் நீர்க்காகமும் குஞ்சு வளர்ப்பதைப் பார்க்கலாம், நீங்கள் நெருங்கத் தேவையே இல்லை. ஏரியில் நீர் இருக்கிறதா என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். மழை பொய்த்த ஆண்டில் பறவைகள் வேறு ஏரிக்குப் போய்விடும்.