வினிகரில் எவ்வளவு தண்ணீர் சேர்க்கலாம்?

கேள்வி: வெள்ளரிக்காய், கேரட், பூண்டு சேர்த்து வினிகர் ஊறுகாய் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். புளிப்பு தூக்கலாகிவிடுமே என்று 1 கப் வினிகருக்கு 3 கப் தண்ணீர் விட்டேன். சில நாள் தெளிவாக இருந்தது. இப்போது தண்ணீர் கலங்கி, வெள்ளரிக்காய் கொழகொழத்துவிட்டது. பூண்டு நீலமாகிவிட்டது. சாப்பிடலாமா? மூடி தானாகவே இறுகிக்கொண்டதால், அடுத்த முறை ஜாடியை வெளியிலேயே வைக்கலாமா?

பதில்: சாப்பிட வேண்டாம், கொட்டிவிடுங்கள். ருசி பார்த்து முடிவு செய்யலாம் என்றும் நினைக்காதீர்கள். இத்தனையிலும் அந்த நீலப் பூண்டு மட்டும் குற்றமற்றது. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் புளிப்பில் ஊறும்போது சில சமயம் இப்படி நிறம் மாறும், அதனால் கெடுதல் இல்லை. தவறு நீங்கள் சேர்த்த தண்ணீரில் இருக்கிறது.

இந்த ஊறுகாயைக் காப்பது வினிகரின் அமிலம். குளிர் அதற்குத் துணைதான். 4 டிகிரி செல்சியஸில் பெரும்பாலான கிருமிகள் மெதுவாக வளரும், ஆனால் எல்லாமே அடங்கிவிடாது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா அந்தக் குளிரிலும் பெருகக்கூடியது. கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் அது ஆபத்து.

வினிகர் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். 5 சதவீத அமிலம் என்று இருந்தால், சம அளவு தண்ணீர் சேர்க்கும்போது 2.5 சதவீதமாகும். நீங்கள் கலந்த கணக்கில் அது 1.25 சதவீதம்தான். போதாக்குறைக்கு வெள்ளரிக்காய் வேறு தன் பங்குக்குத் தண்ணீர் விடும். ஆகவே சரிக்குச் சரி, அதற்கு மேல் தண்ணீர் கூடாது. லேபிளில் 4 சதவீதம் என்றிருந்தால் 2 கப் வினிகருக்கு 1 கப் தண்ணீர். புளிப்பு உறைக்கிறதென்றால் சர்க்கரையைக் கூட்டுங்கள். அமிலத்தின் அளவு அப்படியே இருக்க, நாக்குக்கு மட்டும் புளிப்பு மட்டுப்படும்.

தண்ணீர் கலங்கியதெல்லாம் கெட்டுப்போனது என்றும் சொல்லிவிட முடியாது. தூள் உப்பில் கட்டி தட்டாமலிருக்கச் சேர்க்கும் பொருள் முதல் நாளே லேசாகக் கலங்க வைக்கும். அது பார்வைக்குத்தான் குறை. பிடிக்காவிட்டால் அத்தகைய சேர்க்கை இல்லாத உப்பை வாங்குங்கள். ஆனால் தெளிவாக இருந்தது பிறகு கலங்கினால், குமிழி விட்டால், காய் வழுவழுத்தால் சந்தேகமே வேண்டாம், கிருமி வேலை செய்கிறது. உங்கள் ஜாடி இந்த ரகம்.

வெள்ளரிக்காய் மெத்தென்று ஆவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பலர் கவனிப்பதில்லை. காம்புக்கு எதிர்ப்புறம், அதாவது பூ இருந்த நுனியில், சதையை இளக்கும் நொதிகள் இருக்கின்றன. அந்த நுனியைக் கொஞ்சம் சீவி எறிந்துவிடுங்கள். விதை முற்றாத பிஞ்சாக எடுங்கள். வில்லைகளாக நறுக்கி, உப்புத் தூவி ஒரு மணி நேரம் வைத்து, கசியும் நீரை வடித்துவிட்டு ஜாடியில் போட்டால் மொறுமொறுப்பும் நிற்கும், வினிகரும் நீர்த்துப்போகாது. இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

மற்றபடி வேலை எளிதுதான். 1 லிட்டர் ஜாடிக்கு அரைக் கிலோ காய், 1 கப் வினிகர், 1 கப் தண்ணீர், 1 மேசைக்கரண்டி உப்பு, 1 அல்லது 2 மேசைக்கரண்டி சர்க்கரை போதும். வெள்ளரிக்காயை முன்பே உப்பில் வைத்திருந்தால் இந்த உப்பைச் சற்றுக் குறையுங்கள். கரைசலை எவர்சில்வர் அல்லது எனாமல் பாத்திரத்தில் கொதிக்க விடுங்கள். அலுமினியம், செம்பு, பித்தளை அமிலத்தோடு ஒத்துப்போகாது. கண்ணாடி ஜாடியை வெந்நீரில் சூடாக்கிக்கொண்டு ஊற்றுங்கள், இல்லாவிட்டால் விரிசல் விடும். காய் முழுக்க மூழ்கியிருக்க வேண்டும்; போதாவிட்டால் தண்ணீர் விட்டு நிரப்பாமல் இதே கரைசலை இன்னும் கொஞ்சம் தயாரியுங்கள். ஆறியதும், 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மெல்லிய வெங்காய வளையங்களை அன்றைக்கே சாப்பிடலாம். வெள்ளரிக்கும் கேரட்டுக்கும் ஓரிரு நாள் கொடுங்கள். எடுக்கும்போது ஈரமில்லாத சுத்தமான கரண்டி. ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

மூடி விஷயத்துக்கு வருவோம். சூடான கரைசல் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி மூடியை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. கிருமி செத்துவிட்டது என்று அர்த்தமாகாது. வெளியில் வைக்கும் ஊறுகாய்க்கு அதற்கென்று சோதித்த அளவு முறைகள் உண்டு. ஜாடியை மூடியபின் கொதிநீரில் குறித்த நேரம் வைத்தெடுப்பதும் அதில் அடக்கம். ஃபிரிட்ஜ் ஊறுகாயை அப்படி மாற்ற முயல வேண்டாம்.

காய் தீர்ந்தபின் மிஞ்சும் வினிகர்த் தண்ணீரில் புதுக் காயைப் போட்டு ஊறவைக்காதீர்கள், அதன் புளிப்பு ஏற்கெனவே குறைந்திருக்கும். கலங்காமல் நல்ல வாசனையோடு இருந்தால் சாலட்டில் இரண்டு கரண்டி விட்டுக்கொள்ளுங்கள்.